பேடைக் கழுவிட்டு வந்துர்றேன்

என் தையல் கடைக்குப் பின்னால் ஒரு கொடிக்கயிறு. பாதி எனக்கு, பாதி பக்கத்து ஷெட்டில் கார் பாலிஷ் கடை வைத்திருந்த அண்ணனுக்கு. என் பாதியில் நனைத்துப் போட்ட லைனிங் துணிகள் காயும். அவர் பாதியில் ஆப்பம் அளவில், மஞ்சளும் ஆரஞ்சும் கறுப்புமாக வட்ட வட்டப் பஞ்சுகள் கிளிப் மாட்டித் தொங்கும். பாலிஷ் மெஷினின் முகத்தில் ஒட்டிச் சுற்றவிடுகிற பஞ்சு அது. அந்தத் தொழிலில் அதற்குப் பேடு என்று பெயர்.

ஜாக்கெட்டுக்குள் வைத்துத் தைக்கிற பஞ்சுக்கும் அதே பெயர் என்பதால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சமல்ல. ஒரு நாள் கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த பெண், "பேடு வச்சுத் தைப்பீகளாக்கா?" என்று கேட்டாள். தைப்பேன் என்றேன். பின்வாசல் வழியாக அவள் பார்வை கொடிக்குப் போனது. முகம் மாறிவிட்டது.

"அம்புட்டுப் பெருசா வேண்டாங்க்கா" என்றாள்.

பக்கத்து ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் சட்டென்று நின்றது. மறுநாள் வந்து பார்த்தால், கொடியில் தன் பாதிக்கு முன்னால் ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார். என் முகத்தை நேராகப் பார்க்கவே அவருக்குச் சில நாள் பிடித்தது. அப்புறம், காற்று போகாமல் பேடெல்லாம் வாடை அடிக்கிறது என்று திரையை அவரே அவிழ்த்துவிட்டார்.

"யாரு என்னத்த நெனச்சாலும் சரி ஆத்தா, பேடு காயணும்" என்றார்.

எங்கள் கடைகள் சின்னமனூரில், மேகமலைக்குப் பிரிகிற ரோட்டில் இருந்தன. மலைக்குப் போய்விட்டு இறங்குகிற கார்கள் சேறும், செடி உரசிய கோடுகளுமாக நேரே அவர் ஷெட்டில்தான் வந்து நிற்கும். கம்பத்து ஏலக்காய் வியாபாரிகள், திராட்சைத் தோட்டக்காரர்கள், மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியை மினுக்க வேண்டியவர்கள் என்று கூட்டத்துக்குக் குறைவில்லை. அண்ணன் கறுத்த, ஒல்லியான ஆள். சட்டையில் வயிற்றுக்கு நேராக இருக்க வேண்டிய பட்டன்கள் எப்போதும் இருக்காது. பக்கத்தில் தையல்காரி இருந்துகொண்டு இப்படி ஒரு மனிதரை நடமாட விடுவது எனக்கு அவமானமாக இருக்கும். ஒரு தடவை சட்டையை வம்படியாகக் கழற்றி வாங்கி, நூலை நாலு சுற்று சுற்றி, பிடுங்கினாலும் வராதபடி தைத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் பட்டன்கள் மறுபடி இல்லை.

"என்னண்ணே இது?"

"சாஞ்சு நின்னு தேய்க்கிறப்ப பட்டன் வண்டியில ஒரசும் ஆத்தா. நாந்தான் பிளேடு வச்சு எடுத்தேன். நல்லா உறுதியாத்தான் தச்சிருந்த" என்று என்னைப் பாராட்ட வேறு செய்தார்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அபூர்வம். வந்தால் அது பேடு விஷயமாக இருக்கும். யாராவது பேடைக் கீழே போட்டுவிட்டு, தட்டி எடுத்து மறுபடி மெஷினில் மாட்டினால் அவருக்குக் கண் சிவந்துவிடும். "தரையில விழுந்தது, திரும்பத் தண்ணியப் பாக்காம வண்டியத் தொடக்கூடாது" என்பார். பாலிஷ் போடும்போது வண்டியின் பெயின்டிலிருந்து உதிர்கிற தூசும் போட்ட க்ரீமும் பேடுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கே கழுவாவிட்டால் அது காய்ந்து கட்டி தட்டும். மறுநாள் அதே பேடை இன்னொரு வண்டியில் வைத்தால், பாலிஷுக்குப் பதில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான்.

"வண்டியில கோடு போடுறது முள்ளுன்னு நெனைக்கிறாக. இல்ல. நேத்துக் கழுவாம விட்ட பேடு" என்பார்.

அதனால் கழுவுவார். ஒவ்வொரு வேலைக்கும் பிறகு, எந்த அவசரமாக இருந்தாலும் கழுவுவார். வாளியில் பச்சைத் தண்ணீர், அதில் துளி சோப்பு. சுடுதண்ணீர் ஆகாது, பேடின் முதுகில் இருக்கிற பசை விட்டுவிடும். குழந்தைக்குத் தலை வாருவதுபோல மெல்லிய பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்ப்பார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்குவார். முறுக்க மாட்டார். தண்ணீர் தெளிகிறவரை அலசி, மெஷினில் மாட்டி, காலி டிரம்முக்குள் விட்டு ஒரு சுற்று ஓட்டுவார். ஈரமெல்லாம் டிரம்மின் சுவரில் சடசடவென்று அடிக்கும். அப்புறம் நிழலில் கொடி. காய்ந்தபின் மூடி போட்ட டப்பா.

இதெல்லாம் நல்ல பழக்கம்தான். ஆனால் நேரம் என்று ஒன்று இருக்கிறதே. "பேடைக் கழுவிட்டு வந்துர்றேன்" என்று அவர் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவரை எதிர்பார்த்து யாரும் வாசலைப் பார்ப்பதில்லை. தேனிக்குப் படம் பார்க்கப் போனால் இடைவேளைக்குப் போய்ச் சேருவார். அவருக்குத் தெரிந்த சினிமாக் கதை எல்லாமே பாதியில்தான் தொடங்கும். "அவன் எதுக்கு அவனக் கொல்றான்னு மட்டும் சொல்லு ஆத்தா" என்று மறுநாள் என்னிடம் வந்து கேட்பார். சொந்தக்காரர் கல்யாணங்களில் தாலி கட்டுவதை அவர் பார்த்ததே இல்லை. கடைசிப் பந்தியில் ரசமும் மோரும் சாப்பிட்டு மொய் எழுதிவிட்டு வருவார். தன் கல்யாணத்துக்கு மட்டும் நேரத்துக்குப் போனாராம். முந்தின நாளே ஷெட்டுச் சாவியை அவர் அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம். இதை அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்க முடியாத ஒரு விஷயமும் நடந்தது.

அவருக்கு ஒரே ஒரு தங்கச்சி. பக்கத்தில் மார்க்கையன்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுடைய மூத்த பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், கூடப்பிறந்த மாமன் இவர் ஒருவர்தான். அன்று காலையில் ஒரு மாப்பிள்ளைக் காரை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. முடித்தார். வண்டியும் போய்விட்டது. அவர் மனைவி சீர்த்தட்டுகளோடு விடியும்போதே கிளம்பியிருந்தாள். பிள்ளைக்கு நான் தைத்திருந்த பட்டுப்பாவாடையை எடுத்துக்கொண்டு ஷெட் வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"வாறீகளாண்ணே?"

"நீ முன்னாடி போ ஆத்தா. இந்தப் பேடைக் கழுவிட்டு வந்துர்றேன்."

கோயிலில் ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதுப்பாவாடையில் பிள்ளை ஒரு கையில் லட்டு, ஒரு கையில் பலூன் என்று ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சி போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. ஈரக்கையோடு அவர் எப்படி எடுப்பார்? மறுபடி போட்டாள். தங்கச்சியின் மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தட்டெல்லாம் வந்துருச்சு. மடியத்தான் காணோம்" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ராகுகாலம் நெருங்குகிறது என்று அவளுடைய சித்தப்பா மகன் ஒருவனை உட்கார வைத்துப் பிள்ளைக்குக் காது குத்தி முடித்தார்கள். அது வீறிட்டு அழுது, அழுத களைப்பில் அம்மா தோளிலேயே தூங்கிவிட்ட பிறகு இவர் பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். பட்டு வேட்டியில் முழங்கால் வரைக்கும் சோப்புத் தண்ணீர். இரண்டு கையையும் பிள்ளைக்காக நீட்டினார்.

தங்கச்சி பிள்ளையைத் தரவில்லை.

"அந்தப் பஞ்ச எடுத்து மடியில வச்சுக்கண்ணே. அதுக்கே காது குத்தச் சொல்லு" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

அவர் சாப்பிடாமல் திரும்பிப் போனார். அதன்பிறகு அவள் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் ஷெட்டில் வழக்கம்போல பேடு கழுவிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஒரு நாள் கழுவாம வச்சுட்டுப் போனா குடியா முழுகிரும்?" என்று கேட்டுவிட்டேன்.

"போயிருந்தா, அடுத்து வார வண்டியில கோடு விழுந்திருக்கும் ஆத்தா. யாரு வண்டின்னு எனக்குத் தெரியாது. ஆனா விழுந்திருக்கும்."

"விழுந்தா இன்னொரு தடவ பாலிஷ் போட்டு எடுத்துறலாம்லண்ணே. இத எதப் போட்டு எடுப்பீக?"

அவர் எழுந்து போய், கொடியில் தொங்கிய பேடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். அவற்றைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. அன்று மாலை வரைக்கும் திருப்பிக்கொண்டே இருந்தார்.

ஆனால் தங்கச்சி தையல்காரியை மாற்றவில்லை. மார்க்கையன்கோட்டையிலேயே நல்ல கைக்காரிகள் இருக்கிறார்கள். அவள் பஸ் ஏறி என்னிடம்தான் வருவாள். ஷெட்டுப் பக்கம் முகம் தெரியாதபடி குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வெயில் அந்தப் பக்கமே இருக்காது. எந்த மனுஷிக்கும் அத்தனை ஜாக்கெட் தேவைப்படாது. போன மாதம் தைத்ததற்குக் கையைக் குறைக்கச் சொல்லிக் கொடுப்பாள். அடுத்த வாரம் அதையே ஏன் குறைத்தாய் என்று சண்டைக்கு வருவாள். அவள் கடைக்குள் நுழைந்ததும் பக்கத்தில் மெஷின் நின்றுவிடும். அவள் போகும்வரை ஓடாது. நான் வேண்டுமென்றே இஞ்ச் டேப்பை மெதுவாக இழுத்து அளப்பேன், பாவம், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று.

ஒரு நாள் அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "இங்கன வந்தாலே ஒரே மெழுகு நாத்தம்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "மெழுகு நாத்தம் பிடிக்காதவுக எதுக்கு இந்தக் கடைக்கு வாராக? கேட்டுச் சொல்லு ஆத்தா."

"நான் துணி தைக்க வாரேன்னு சொல்லுக்கா."

"துணி தைக்க வாரவுக வெயில்ல நடக்காம ஆட்டோவுல வரச் சொல்லு."

"ஆட்டோவுல வந்தா வாந்தி வரும், மாசமா இருக்கேன்னு சொல்லுக்கா."

கொஞ்ச நேரத்தில் ஷெட்டுக்காரர் வாங்கி அனுப்பியதாக டீக்கடைக்காரர் ஒரு எலுமிச்சை ஜூஸைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "எனக்குத் தாகமா இருக்குன்னு அவுகளுக்கு யாரு சொன்னது?" என்று திட்டிக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அந்தத் தடவை பையன் பிறந்தான். அவனுக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தார்கள். மூத்தவளுக்குப் பட்ட அவமானம் போதும், இந்தத் தடவையும் சித்தப்பா மகன் மடிதான் என்று தங்கச்சி புருஷன் சொல்லிவிட்டான். ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அழைப்பு போனது. இவருக்குப் போகவில்லை. புது ஜாக்கெட்டுக்குத் துணி கொண்டுவந்த தங்கச்சி, கடை நடுவில் நின்றுகொண்டு, சந்தையில் கூவுவதுபோலச் சொன்னாள்.

"வார வெள்ளிக்கிழமக்கா. காலம்பற. வாய்க்காங்கரை கோயிலு. பத்தரைக்கு ராகுகாலம் வந்துரும், அதுக்குள்ள குத்திருவாக. ஒனக்குத்தான் சொல்றேன், கேட்டுச்சா?"

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றேன். "எதுக்கு இம்புட்டுச் சத்தம்?"

"கேக்காதவுகளுக்கும் கேக்கணும்ல."

மெஷின் அன்று அவள் போனபிறகும் வெகு நேரம் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை எந்த வண்டியும் கிடையாது என்று வியாழக்கிழமையே முடித்துவிடுகிற மாதிரி ஒரே ஒரு வண்டியை ஒத்துக்கொண்டிருந்தார். ஏலக்காய் வியாபாரி ஒருவருடைய கறுப்பு வண்டி. கறுப்பில் ஒரு மயிரிழைக் கோடும் மறையாது. வியாழக்கிழமை பகல் முழுக்க ஊரில் கரண்ட் இல்லை. பாதி வேலை வெள்ளிக்கிழமைக்கு வந்து விழுந்தது.

வெள்ளிக்கிழமை வெள்ளன நான் கடையைத் திறந்தேன். தங்கச்சி அன்று உடுத்த வேண்டிய ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைக்காமல் கிடந்தது. அவர் எனக்கு முன்பே வந்து தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ஊக்கு வைத்து முடிக்கவும் டிரைவர் வந்து வண்டியை எடுத்துப்போகவும் சரியாக இருந்தது. ஷெட்டின் நடுவில் அழுக்குப் பேடுகள் குவிந்து கிடந்தன. நான் ஜாக்கெட் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

அவர் பேடுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திடீரென்று வாளியில் பாதித் தண்ணீர் பிடித்து, சோப்பைக் கரைத்து, பேடுகளை அள்ளி உள்ளே போட்டு, மூடியை அழுத்தினார்.

"ஊறிக்கிட்டு இருந்தா காயாது. ஆனா ரொம்ப ஊறுனா பசை விட்டுரும். மத்தியானத்துக்குள்ள அலசிரணும். ஏறு ஆத்தா."

பைக்கின் பின்னால் நான். என் மடியில் அந்த வாளி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் சோப்புத் தண்ணீர் என் பட்டுச் சேலையில் ஒரு வாய் துப்பியது. "பள்ளத்தப் பாத்து ஓட்டுங்கண்ணே" என்றேன். "மூடிய அமுக்கிப் பிடி, சிந்தாம வா" என்றார். அவர் கவலை சேலையைப் பற்றியது அல்ல.

கோயிலுக்குப் போனபோது மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பையன் உட்கார்ந்திருந்தான். சித்தப்பா மகன் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டுத் தயாராக இருந்தான். தங்கச்சி புருஷன் "வாங்க" என்றான், பல் தெரியாமல். மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்ல வாய்ப்பில்லாமல் அது நல்ல நேரத்தைக் காட்டியது. தங்கச்சி என்னிடமிருந்து ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டே, அண்ணனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வந்தவுகள ஒக்காரச் சொல்லுக்கா. நான் இத மாத்திட்டு வாரேன். அதுக்குள்ள குத்திறப் போறாக."

சித்தப்பா மகன் தங்கமான பையன். "அண்ணே வந்துட்டாகல்ல, பெறகு எனக்கென்ன வேல" என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டான். அவர் உட்கார்ந்தார். பையனை மடியில் வைத்தார்கள். பையன் பட்டன் இல்லாத சட்டைக்குள் கையை விட்டு வயிற்றைக் கிள்ளினான். அவர் பிள்ளையைப் பிடிக்கவே பயந்தார். இரண்டு கையும் அவனைத் தொட்டும் தொடாமலும் நின்றன.

"நல்லா இறுக்கிப் பிடிங்கய்யா" என்று ஆசாரி அதட்டினார்.

"நசுங்கிறாதா?"

"பிள்ளய்யா அது. நசுங்காது."

பிடித்தார். குத்தினார்கள். பையன் ஒரு அழுகை அழுதுவிட்டு நிறுத்திக்கொண்டான். அவருக்கு நிறுத்த முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மூத்தவள், "மாமா, ஒங்களுக்கா குத்துனாக?" என்று கேட்டாள்.

பந்தி போட்டார்கள். இலையில் உட்கார்ந்த பிறகு பார்த்தால் அவரைக் காணவில்லை. எழுந்து தேடினேன். வாய்க்கால் கரையில் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். பெரியாற்றுத் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. இவர் கை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, அலசலயா?"

"மணல் ஓடுது ஆத்தா. இதுல முக்குனா அம்புட்டும் பேடுக்குள்ள போயிரும்."

"சமையல்காரவுககிட்ட டிரம்முல நல்ல தண்ணி இருக்கே, கேட்டு வாங்குங்க."

அவர் பந்தலைப் பார்த்தார். அங்கே தங்கச்சி புருஷன் நின்றுகொண்டிருந்தான். "வேண்டாம் ஆத்தா. இப்பத்தான் ஒக்காரச் சொல்லிருக்காக. அதுக்குள்ள பேடு, தண்ணின்னு போய் நிக்கக்கூடாது. போகட்டும், பசை விட்டா புதுசு வாங்கிக்கிறேன்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

நான் போய்க் கேட்கலாம் என்று திரும்பினேன். தங்கச்சி எதிரே வந்துகொண்டிருந்தாள். பட்டுச் சேலை, நான் தைத்த புது ஜாக்கெட், இடுப்பில் தளும்பத் தளும்ப ஒரு குடம். பின்னாலேயே அவள் புருஷனின் குரல்.

"ஏய், குடிக்க வச்ச தண்ணி அது!"

"தெரியும்" என்றாள், திரும்பாமல்.

குடத்தை இறக்கி வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். வாளிக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் பேடை எடுத்து, துணி பிழிகிற வாக்கில் முறுக்கப் போனாள்.

"முறுக்காத, முறுக்காத! அமுக்கணும்" என்று அவர் பதறி எதிரில் உட்கார்ந்தார்.

"எப்படி? இப்படியா?"

"ரெண்டு கைக்கும் நடுவுல வையி. ஆ, அப்படித்தான். மெல்ல."

அவர் குடத்தைச் சரித்து ஊற்ற, அவள் அமுக்க, அவள் ஊற்ற, அவர் அமுக்க, கறுப்பாக வந்த தண்ணீர் சாம்பல் நிறமாகி, வெளுத்து, கரை மண்ணில் ஓடியது. குடம் தீர்ந்தது. அவள் கடைசிப் பேடை அமுக்கி, சொட்டுகிற தண்ணீரை உற்றுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருந்தது.

"போதுமாண்ணே?" என்றாள். "இன்னொரு கொடம் எடுத்தாரவா?"

அவர் பேடைப் பார்க்கவே இல்லை. தங்கச்சி முகத்தைப் பார்த்து, "எடுத்துட்டு வா" என்றார்.